ரத்தம் ஏறும் வரை டீ இல்லை

பிள்ளைக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது நான் ஏலத்தோட்ட வேலைக்குத் திரும்பினேன். சரக்கு வண்டி ஓட்டப் போகும் கணவர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். மற்ற நாட்களில் அவருடைய அக்கா, என் மதினி, பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். விடியும் முன் ஒரு தடவை, வேலை முடிந்து வந்து ஒரு தடவை, படுக்கப்போகும்போது ஒரு தடவை என்று பால் கொடுத்தேன். பகலில் அவனுக்குக் கேப்பைக் கூழ்.

வேலைக்குப் போகும் முன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. நர்சம்மா இரும்பு மாத்திரையும், எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் ஏறவில்லை என்றால் தேனி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டிவரும், பிள்ளையை விட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்றார். அவன் வேறு யார் கொடுத்தாலும் பாலைத் துப்புகிறவன். அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். திருப்பூரில் பனியன் மடித்தேன், ஊட்டியில் கேரட் கழுவினேன், இடுக்கிப் பக்கம் செங்கல் சுமந்தேன். ஓர் ஊரில் இரண்டு வருடம் இருந்தால் கிளம்பச் சொல்லிக் கால் அரிக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் அது போகவில்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். தாளில் பதினொரு மணிக்குப் பழச்சாறு என்று போட்டிருந்தது. பதினொரு மணிக்கு நான் ஏலச்செடியின் அடியில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருப்பேன், காலில் அட்டை ஏறிக்கொண்டிருக்கும். நாலு மணிக்கு முளைகட்டிய பயறும் ஒரு தம்ளர் மோரும். நாலு மணிக்கு நான் வேலையாட்களை மலையிலிருந்து இறக்கும் ஜீப்பில் இருப்பேன். தாளை எழுதியவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்காக அதைத் தூக்கிப் போடவில்லை. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எனக்கான கணக்கை நானே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கிடைத்த ஒரே நாள். பின்பக்கத்து வீட்டு முருங்கையில் கீரை பறித்து நிழலில் காயவைத்து, மிளகாயும் உளுந்தும் சேர்த்து வறுத்துப் பொடித்துவிடுவேன். அது ஒரு வாரத்துக்கு வரும். பயறை ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுவேன். நிலக்கடலையையும் வெல்லத்தையும் இடித்து உருண்டை பிடிப்பேன். தினம் ஒரு முட்டை. கீறி உப்பில் போட்ட நெல்லிக்காய் ஒரு போத்தல். பிள்ளை ஒரு காலை என் மடியில் போட்டுக்கொண்டு அந்தப் போத்தலின் மூடியைக் கடித்துக்கொண்டிருப்பான்.

மதினி பார்த்துக்கொண்டே இருந்தார். "பிள்ள பெத்தவ திங்கிற தீனியா இது? குஸ்திக்காடி போற?" என்றார். முருங்கைக்கீரை தின்றால் பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்றார். பிள்ளைக்குப் போகவில்லை. நான் தின்றேன்.

ஒரு மாதம் ஒருநாள் தப்பாமல் தின்றேன். திரும்பப் போய் ரத்தம் பார்த்தபோது அதே எட்டு. அந்த பெஞ்சில் உட்கார்ந்து அழவில்லை என்று சொன்னால் பொய். நர்சம்மா மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். எல்லாம் தீர்ந்திருந்தது.

"எதுல போட்டு முழுங்குற?"

"டீயிலதான். ஜீப்பு நிக்கிற கடையில."

"அதான். டீ அம்புட்டையும் புடிச்சு வச்சுக்கிரும், ஒடம்புல சேரவிடாது. தண்ணியில போடு. டீக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரமாச்சும் இருக்கணும்."

வீட்டில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டியது. அதனால்தான் மலையடிவாரத்துக் கடையில் பன்னோடு போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேதான் சிக்கல். எங்கள் ஜீப்பில் பதினான்கு பேர். எங்களைக் கூட்டிப்போகும் கங்காணியக்கா அந்தக் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். கிளாஸை வாங்கி அவர் முன்னால் குடித்தால் நாளைக்கும் வருகிறாள் என்று அர்த்தம். வாங்கவில்லை என்றால் அவள் வேறு ஜீப்புக்குப் போகப்போகிறாள், இடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று அர்த்தம். யாரும் வாயால் கேட்பதில்லை. கிளாஸ்தான் பேச்சு. டீ முடிந்து மேலே ஏறிவிட்டால் மதியம் வரை தோட்டத்தில் உட்கார நேரமில்லை, மதியச் சாப்பாட்டோடு இன்னொரு டீ வரும். ராத்திரி போட்டுப் பார்த்தால் குமட்டல் தூங்கவிடாது. மாத்திரைக்கு அந்தக் கடையைவிட்டால் வேறு நேரம் கிடையாது.

மறுநாள் கிளாஸ் என் முன்னால் நீண்டது. நான் கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணாங்க்கா. மாத்திரைக்கு ஆகாதுன்னு நர்சம்மா சொன்னாக. ஆனா நாளைக்கு வருவேன்."

"டீ வேணாம்னா என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் வாயால சொல்றேன், வருவேன்னு."

"நர்சம்மாவா ஒனக்கு இங்கன பேரு போடுறாக?"

மற்றவர்கள் டீயைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். என் கிளாஸ் ஜீப்பின் பானெட் மேல் ஆறிக்கொண்டு நின்றது. நான் நெல்லிக்காயைக் கடித்து, தண்ணீரில் மாத்திரையை முழுங்கினேன்.

அடுத்த நாள் நான் வரும் முன்பே கங்காணியக்கா என் இடத்துக்கு ஆள் சொல்லிவிடுவார் என்று தெரியும். அதனால் வழக்கத்தைவிட அரைமணி முன்னால் போனேன். டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடு வரிசையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கங்காணியக்கா வந்தார், பின்னாலேயே புதிதாக ஒருத்தி வந்தாள். இறங்கச் சொன்னார். நான் இறங்கவில்லை. இறக்க வேண்டும் என்றால் தூக்கித்தான் இறக்க வேண்டும், பிள்ளை பெற்ற உடம்பு, பார்த்துத் தூக்குங்கள் என்றேன். யாரோ ஒருத்தி பின்னால் சிரித்தாள். புதியவள் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினைந்து பேராகப் போனோம். காய் முற்றி நிற்கிற நேரம், ஓர் ஆள் கூடினால் தோட்டத்தில் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கடையில் பதினான்கு கிளாஸ் சொல்வார், என்னைத் தாண்டிக் கொடுப்பார். சில நாள் அந்தக் குளிரில் டீயின் வாசனை மூக்கில் ஏறும்போது கை தானாக நீளப் பார்க்கும். இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

ஒரு மாதம் கழித்து ஒன்பதரை. நர்சம்மா தேனிக்கு எழுத எடுத்த சீட்டைத் திரும்ப மேசைக்குள் வைத்தார். அடுத்த மாதம் பத்தரை.

அந்தச் செய்தி எனக்கு முன்னால் ஜீப்புக்குப் போய்விட்டது, மதினி யாரிடமோ சொல்லியிருக்கிறார். மறுநாள் கடையில் கங்காணியக்கா பதினைந்து கிளாஸ் சொன்னார். ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ரத்தம்தான் ஏறிருச்சாமே. இனிக் குடிப்பேல்ல?"

"பதினொண்ணு வந்தப்பறமும் மூணு மாசம் மாத்திர போடணுமாங்க்கா."

அவர் அந்த டீயைத் தானே குடித்தார், மெதுவாக, என்னைப் பார்த்துக்கொண்டே. குடித்து முடித்து டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். நான் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தேன்.