சந்தோஷமாகக் காத்திருக்க ஓர் இங்கிலீஷ் சொல்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நாம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னால், எதிரே இருப்பவர் தன் குடும்பத்தையே அதற்குள் கொண்டுவந்து உட்கார வைப்பார். மாலை வகுப்பு எடுத்துத் தொண்டை வற்றியவர்களுக்கு இது புரியும். சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு மேலே என் வகுப்பு. அன்றைய பாடம் 'லுக் ஃபார்வர்ட் டு'. வரப்போவதை நினைத்து சந்தோஷமாகக் காத்திருப்பது என்றேன்.

மழை

சாத்தூர் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கும் வீட்டுப் பெண் முத்துமாரி, மழைக்கு அந்தச் சொல்லைச் சேர்த்துச் சொன்னாள். சொல்லும்போதே பார்வை ஜன்னல் வழியாகப் போய்விட்டது. எனக்கே மண்வாசனை வந்தது. பட்டாசு கம்பெனி பாண்டி பதறிவிட்டார்.

"தாயி, கொஞ்சம் பொறுங்க. எங்க வெடி வெயில்ல காயுது. தீபாவளி லோடு போகட்டும், பெறகு ஆசைப்படுங்க."

அடுத்த வருஷம்

அடுத்தது காலண்டர் அச்சடிக்கும் சண்முகம். அடுத்த பொங்கலைப் பற்றியாவது சொல்லுங்கள் என்றேன். கனவில் இருப்பவர் போலச் சிரித்தார்.

"அடுத்த வருசத்தையே அடிச்சு லோடு ஏத்தியாச்சு மிஸ். இனி நான் எதைன்னு எதிர்பாக்க?"

சாயங்கால போன்

கடைசி பெஞ்சு செல்வியின் கணவர் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்குபவர். உள்ளே போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து வெளியே வந்ததும் கூப்பிடுவார். அதுவரை செல்வி மேசையில் கிடக்கும் போனைத்தான் பார்ப்பாள், என்னை அல்ல. வேறு வேலைக்குப் போகச் சொல்லி அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். தினமும் அந்த போனுக்காக லுக் ஃபார்வர்ட் என்று சொன்னவள், சட்டென்று நிறுத்தினாள்.

"பயந்துக்கிட்டே காத்திருந்தாலும் இதைச் சொல்லலாமா மிஸ்?"

கூடாது என்றேன். சந்தோஷத்துக்கு மட்டும்தான். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப எனக்கு வேற சொல்லு குடுங்க."

மத்தியான போன்

தீபாவளி முடிந்து வகுப்பு மறுபடி தொடங்கிய நாள், செல்வி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். போன் கைப்பைக்குள் இருந்தது. கீழே மெஷின் ஓடும் சத்தம் தாலாட்டு மாதிரி வந்துகொண்டிருந்தது. அவள் தரையைக் காட்டினாள்.

"இந்தா, அவுக இப்ப கீழதான் வேலைக்குச் சேந்திருக்காக. மத்தியானமே போன் போட்டு, ராத்திரிக்கு என்ன கொளம்புன்னு கேக்காக. இனி நானும் அதைச் சொல்லலாம்ல மிஸ்?"

எங்கள் தொழிலே இவ்வளவுதான்: சொல்லைக் கொடுத்துவிட்டு, அர்த்தம் படியேறி வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பது.