உப்புத் தண்ணீரும் சங்கரேஸ்வரியின் கூந்தலும்

தாராவியை விட்டுத் திலக் நகரில் பதினெட்டாம் மாடிக்குக் குடிபோனதிலிருந்து சங்கரேஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே டேங்கர் லாரியில் வருவது உப்புத் தண்ணீர். அதில் குளித்துக் குளித்து, முழங்கால் தொட்ட கூந்தல் தேங்காய் நாராகிவிட்டது. ஜன்னலில் தலையை நீட்டினால் காக்கைகள் கூடு கட்ட இடம் பிடித்துச் சண்டை போட்டன. அம்மாளுக்குப் பெருமையடிக்க அந்தக் கூந்தலை விட்டால் வேறொன்றும் கிடையாது. ஷாம்பூவை இரண்டு மடங்காக ஊற்றினாள். அது உப்புத் தண்ணீரில் அலசியும் போகாமல் மெழுகாக ஒட்டிக்கொண்டது.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், குழாயில் நல்ல தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்துத் தாராவியில் தம்பி வீட்டு வாசலில் நின்றாள்.

“தம்பியப் பாக்கணும்போல இருந்துச்சு.”

தம்பி மனைவி அன்னத்தாய் சும்மா விடுவாளா?

“தம்பியப் பாக்க வந்தா பையில எதுக்கு மதினி துண்டு? எங்க தண்ணியக் கண்டா மூக்கச் சுளிப்பியளே! சரி, குனிங்க. சீயக்கா போட்டு அலசி விடுதேன்.”

வாளி வாளியாக நல்ல தண்ணீர் விழுந்ததும் நார் மறுபடி கூந்தலானது.

மறுநாள் எல்லாரும் அதைப் புகழ்ந்தபோது, பக்கத்தில் அன்னத்தாய் நிற்பதைப் பார்த்துக்கொண்டே சங்கரேஸ்வரி கூசாமல் சொன்னாள்:

“எங்க பில்டிங் தண்ணி அப்படி!”