சந்தனம் வெச்ச கூம்பு

எங்க வீட்டுக்காரருக்கு வீட்டுக்குள்ள எது புதுசா வந்தாலும் பொட்டு வெச்சாகணும். மஞ்சக்குப்பத்துல டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருந்தாரு. ஆயுத பூஜைன்னா ஸ்பேனரு, காத்தடிக்கிற பம்பு, ஒண்ணு விடமாட்டாரு. 2009ல அந்த வரிசையில என் தம்பி கிடாருக்கு வந்த கூம்பையும் சேத்துட்டாரு.

தம்பி கல்யாணக் கச்சேரியில கிடார் வாசிச்சுக்கிட்டிருந்தவன். நெல்லிக்குப்பம் ரோட்டுல பைக்கோட விழுந்ததுல இடது கையில ரெண்டு விரலு மடங்காமப் போச்சு. தந்திய அழுத்த முடியல. குழுவுல வேற ஆளப் போட்டுட்டாங்க. அதுலேருந்து தெருவுல பாட்டுச் சத்தம் கேட்டாலே ஜன்னலச் சாத்துவான்.

அப்புறம் பாண்டிச்சேரியில, ஊருக்குக் கெளம்புன வெள்ளைக்காரர் ஒருத்தர்கிட்ட மலிவா ஒரு ரெசனேட்டர் கிடார் வாங்கியாந்தான். மடியில படுக்கவெச்சு, தந்தி மேல இரும்பு உருளைய நகத்தி வாசிக்கிறது. விரலு மடங்கணும்னு இல்ல. நடுவுல ஓட்டைக்குப் பதிலா அலுமினியக் கூம்பு, ஸ்பீக்கருக்குள்ள அட்டையில இருக்குமே, அதே மாதிரி. அதுதான் தந்தியோட அதிர்வச் சத்தமா வெளிய தள்ளும். ஆனா இதுல இருந்தது அச்சுல அடிச்ச தடிக் கூம்பு. தகர டப்பாவத் தட்டினாப்புல ஒரு சத்தம் வந்து ஒடனே செத்துப்போகும். சிங்கப்பூர்ல இருக்கிற கூட்டாளிகிட்டச் சொல்லி, மெல்லிசான நல்ல கூம்பு ஒண்ணு வரவழைச்சான். பழைய குழு நடத்துறவரு விஜயதசமி அன்னிக்குச் சிதம்பரம் வந்து வாசிச்சுக் காட்டச் சொல்லியிருந்தாரு. இத விட்டா வேற ஆளு கூப்புடப்போறதில்லன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூம்பு வந்து சேந்தது பூஜை அன்னிக்கு. படைக்காம மாட்டக்கூடாதுன்னு வீட்டுக்காரரு ஒத்தக்கால்ல நின்னாரு. படைச்ச சாமான மறுநாள்வரைக்கும் தொடவும் கூடாதாம். சரின்னு விட்டோம்.

மறுநாள் காலையில குளிச்சிட்டு, கற்பூரம் காட்டிட்டு, கூம்ப எடுத்துக் காஞ்ச சந்தனத்தத் தொடச்சேன். சந்தனத்துக்கு அடியில பள்ளம். கட்டைவிரல் அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. ஸ்பேனருக்கு அழுத்தி வெக்கிற மாதிரியே இதுக்கும் வெச்சிருக்காரு மனுஷன். மாத்திரை அட்டைத் தகட்டவிடக் கொஞ்சம்தான் தடிப்பு அது.

"கையா, சம்மட்டியா?"ன்னு கத்தினேன்.

"நல்லதுக்குத்தானே வெச்சேன்"னாரு. மொகம் செத்துப்போச்சு.

தம்பி கூம்ப வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என் கையிலயே குடுத்துட்டான். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

துணிய மடிச்சுப் போட்டு, கூம்போட வாய் மேல பாக்க வெச்சு, உள்பக்கத்துலேருந்து மரக்கரண்டியோட முதுகால நீவ ஆரம்பிச்சேன். அழுத்துனா கிழியும், அழுத்தலன்னா நிமிராது. மூச்ச விடக்கூட பயமாயிருந்தது. வீட்டுக்காரரு பக்கத்துல நின்னுக்கிட்டு "மெதுவா, மெதுவா"ன்னாரு. "நீங்க வாயத் தொறக்காதீங்க"ன்னேன். கொஞ்சம் கொஞ்சமா பள்ளம் நிமிந்து, கடைசியில மடிஞ்ச கோடு மட்டும் நின்னுச்சு. தம்பி சொல்லச் சொல்ல, உச்சியில தந்தியத் தாங்குற மரவில்லைய முடுக்கி, கூம்பக் கிடாருக்குள்ள உக்கார வெச்சு, தந்திய இழுத்துக் கட்டினேன். பாரம் ஏற ஏற உள்ள 'க்ரிக்'னு ஒரு சத்தம். கைய எடுத்துட்டேன். "கூம்பு படியுதுக்கா. தந்திய இன்னும் முறுக்கு"ன்னான் தம்பி. முறுக்கினேன்.

சத்தம் சரியா இருக்கான்னு நிதானமாக் கேக்க நேரமில்ல. மூணு பேரும் ஓடிப்போய்ச் சிதம்பரம் பஸ்ஸப் புடிச்சோம். வழியெல்லாம் கிடாரக் கொழந்தையாட்டம் மடியில வெச்சிருந்தது வீட்டுக்காரருதான்.

கீழ வீதியில குழுவோட மாடி ரூமு. தம்பி தரையில உக்காந்து வாசிச்சான். இரும்பு நகர நகர, அந்தச் சத்தம் அறுபடாம இழுத்துக்கிட்டே போச்சு. கோடு விழுந்த எடம் எங்கயாவது 'கொர்'ருன்னு காட்டிக்குடுக்கும்னு நான் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். காட்டிக்குடுக்கல.

குழு நடத்துறவரு தம்பியப் பாக்கல. கிடாரையே பாத்தாரு. கைய நீட்டித் தடவினாரு.

"சூப்பரா இருக்குப்பா. நம்ம கிடார்ப் பையனுக்கு ஆவும். வெலைக்குத் தரியா?"

வீட்டுக்காரரு கோவத்துல எழுந்தே நின்னுட்டாரு. தம்பி நிமிந்து பாக்காமலே இவரு வேட்டிய இழுத்து உக்கார வெச்சான்.

"தரேண்ணே. வாசிக்கிற ஆளோட சேத்துத்தான் தருவேன். ஆளு வேணாம்னா கிடாரும் இல்ல."

குழு நடத்துறவரு அப்பத்தான் தம்பியோட இடது கையப் பாத்தாரு. நீட்டிக்கிட்டு நின்ன அந்த ரெண்டு விரலையும் ரொம்ப நேரம் பாத்தாரு. தம்பி கைய ஒளிச்சுக்கல.

"வெள்ளிக்கிழமை புவனகிரியில கச்சேரி. சாயங்காலம் வேன் இங்கேருந்து கெளம்பும், வந்துடு"ன்னாரு.

நான் படியெறங்கி வந்து நடுத்தெருவுல நின்னு ஓன்னு அழுதேன். வீட்டுக்காரரு பின்னாலயே வந்து, "ஜனங்க பாக்குதுடீ"ன்னாரு.

"பாக்கட்டும்"னேன்.