மட்கார்டு மாட்டும்வரை தூளி ஆட்டுங்க

சைக்கிள் கடைக்கு வெயில் காலத்தில் பஞ்சர் சோறு போடும், மழைக்காலத்தில் மட்கார்டு குழம்பு ஊற்றும். மழையில் சைக்கிள் ஓட்டி வூட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகு நடுவில் கழுத்துவரை சேற்றுக்கோடு. அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தச் சட்டையைத் துவைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

எங்கள் கடை கள்ளக்குறிச்சியில், மலைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. கடை என் வூட்டுக்காரருடையது. கல்யாணமான நாளிலிருந்து பின்னால் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், போல்ட்டைப் பிடித்துக்கொள்வேன். ஆள் வந்தால் உள்ளே போய்விடுவேன். அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கின நேரத்தில் அவர் வழுக்கி விழுந்து வலது கை முறிந்துபோனது. பெங்களூரில் கட்டட வேலை செய்கிற அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், பார்க்க வந்தார். "மழையில கடை மூடிக் கெடந்தா வர்ற ஆளுங்க வேற கடை பாத்துக்குவாங்க. கார்த்திகை தீபம் முடிஞ்சி வர்றேன். கடைய விட்டுட்டு என்னோட கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கைக்குழந்தையோடு பெங்களூரில் அவர் தங்கியிருக்கிற தகரக் கொட்டாயில் கிடக்க எனக்குப் பயம். அதனால் மறுநாள் நானே கடையைத் திறந்தேன். திறந்துவிட்டேனே தவிர, வருகிறவர் முகம் பார்த்து என்ன வேணும் என்று கேட்க வாய் வரவில்லை.

துணி பாய்

கடை உத்திரத்தில் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தேன். பழைய லாரி டியூபைக் கிழித்து அதில் தொங்கவிட்டது. லேசாக இழுத்து விட்டால் மேலும் கீழும் ஆடும். முதலில் வந்தவர் ஊர் ஊராகச் சைக்கிளில் துணி விற்கும் பாய். பின்சக்கரத்துச் சேறு மூட்டைக்குள் ஏறி, புடவையெல்லாம் புள்ளி விழுந்திருந்தது. என் வூட்டுக்காரர் இல்லை என்று தெரிந்ததும் பாய் வண்டியைத் திருப்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "நானே மாட்டுவேங்க" என்றேன். அது அவர் காதில் விழுந்ததே பெரிய விஷயம்.

பளபளவென்று இருந்த பிளாஸ்டிக் மட்கார்டை அவர் கையில் எடுத்தார். மூட்டை கனத்துக்கு அது பிளந்துவிடும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அகலமான இரும்பு மட்கார்டை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். புரிந்துகொண்டார். ஆனால் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்து நட்டு நழுவிக் கீழே விழுந்து உருண்டது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதாள். பாய் திரும்பிக்கொண்டு தூளியை ஆட்ட ஆரம்பித்தார்.

அவர் முதுகைக் காட்டினதும் என் கூச்சம் போய்விட்டது. மட்கார்டைத் தாங்குகிற கம்பிகளை முடுக்கி, இரும்பு கடகடக்காமல் இருக்க போல்ட்டுக்கு அடியில் டியூப் துண்டு வைத்து முடித்தேன். அவர் சைக்கிளைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ளையும் சத்தம் போடல, மட்கார்டும் சத்தம் போடல. கடைய மட்டும் மூடிடாத மா."

வடக்கனந்தல் கரும்புக்காரர்

பாய் போகிற ஊரிலெல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. வருகிறவர்கள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நேராகத் தூளிக்கிட்டே போனார்கள். நான் கேட்காமலே அது கடைக்கு ஒரு சட்டமாகிப்போனது. அப்படி வந்தவர்தான் வடக்கனந்தலில் கரும்பு போட்டிருந்த ஒரு பெரியவர். அவர் சைக்கிளுக்கு மட்கார்டை டயரோடு ஒட்டினாற்போல, படத்தில் வரைந்த மாதிரி மாட்டினேன். எனக்கே பார்த்துப் பார்த்து ஆசையாக இருந்தது.

மறுநாள் காலையில் அந்தச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வயல் ஓரத்துக் களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்து, கல்லாகக் கிடந்தது. இனி அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் வரமாட்டார், பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சைக்கிளை இறக்கிவிட்டுத் தூளியை ஆட்டப் போனார். நான் மண்ணைச் சுரண்டி எடுத்து, குழந்தைக்குப் பால் புகட்டின பழைய சங்கை நடுவில் நுழைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு இடம் விட்டு மறுபடி மாட்டினேன். இன்றைக்கும் வயல்காட்டு சைக்கிளுக்கு அந்தச் சங்குதான் அளவு. ஆணியில் தொங்குகிறது.

சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டுப் பெரியவர் சொன்னார்: "நேத்து நீ போட்டதுல ஒரு கொறையும் இல்ல மா. சக்கரம் சுத்தியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், அவ்ளோதான்."

கரியாலூர் மலைக்காரர்

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், பஸ் மேலே சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்தார். மலையிலிருந்து இறங்கும்போது முன்சக்கரத் தண்ணீர் முழங்கால்வரை அடிக்கிறது என்றார். மட்கார்டு நுனியில் டயர் ரப்பரை வெட்டி, தரையைத் தொடுகிற மாதிரி நீளமாகத் தொங்கவிட்டேன். நல்ல வேலை செய்துவிட்டோம் என்ற நினைப்பு எனக்கு.

தூளியை ஆட்டிக்கொண்டே அதைப் பார்த்தவர், கத்தியை வாங்கிப் பாதி ரப்பரை வெட்டிப் போட்டார். மலைப்பாதையில் கல் தட்டினால் நீள ரப்பர் மடங்கிச் சக்கரத்துக்குள் போய்விடுமாம், ஆள் குப்புற விழுவாராம். அதற்குப் பிறகு மலைச் சைக்கிள் எது வந்தாலும் நானும் குட்டையாகத்தான் வெட்டுகிறேன். ஒரு ஆள் விழாமல் போனது அவர் புண்ணியம். அடுத்த தடவை குழந்தைக்கென்று ஒரு புட்டி மலைத்தேன் கொண்டுவந்தார். முதல் நாள் கத்தியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் சொன்னது: "ஏறும்போது சைக்கிள நான் தள்ளிக்கினு போறேன், எறங்கும்போது அது என்னைய இட்டுக்கினு வருது. ரெண்டு பேருக்கும் தோதாப் போட்டுக் குடு மா."

பெண் பார்க்கப் போனவர்

பந்தாவுக்காக மட்கார்டைக் கழற்றிப்போட்ட பையன்கள் மழை பிடித்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள். அவர்களில் ஒருத்தர் வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்தார். வூட்டார் எல்லாம் பஸ்ஸில் முன்னாடி போய்விட்டார்களாம், பெண் பார்க்கிற வூட்டு வாசலில் முதுகுக் கோட்டோடு இறங்க முடியாதாம். "பின்னாடிக்கு மட்டும் போதும், சீக்கிரம்க்கா" என்றார்.

நானும் அவசரமாகத்தான் மாட்டினேன். அதற்குள் குழந்தை முழித்துக்கொண்டு அழ, அவர் தூளியிலிருந்து தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் தன் வேலையைக் காட்டிவிட்டாள். வெள்ளைச் சட்டை நெஞ்சிலிருந்து இடுப்புவரை நனைந்துபோனது. என் வூட்டுக்காரருடைய சட்டை ஒன்றை எடுத்து நீட்டினேன். அதை மாட்டிக்கொண்டு போன இடத்தில்தான் அவருக்குக் கல்யாணம் முடிவானது என்று பிறகு பத்திரிகை வைக்க வந்தபோது தெரிந்தது. ஆனால் அன்றைக்குக் குழந்தையை நீட்டிப் பிடித்தபடி அவர் கேட்டது: "பின்னாடிக்கு மட்கார்டு போட்டாச்சி, முன்னாடிக்கு இன்னாக்கா பண்றது?"

மூத்தார் வந்த அன்று

தீபம் முடிந்து, சொன்னபடியே மூத்தார் பையோடு வந்து நின்றார். அன்றைக்கும் மழை. கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு என் வூட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விரல் இன்னும் ஸ்பேனரைப் பிடிக்கவில்லை. வாசலில் மட்கார்டுக்கு சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எங்கள் பக்கம் மூத்தார் எதிரில் நிற்க மாட்டோம், பேச மாட்டோம். எழுந்து உள்ளே ஓடலாம் என்றால் ஒரு பக்கக் கம்பியை மாட்டிவிட்டேன், மறுபக்கம் என் கையில் இருக்கிறது. விட்டால் எல்லாம் கோணிவிடும். தலையைக் குனிந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முன்சக்கரத்துக்கும் மாட்ட வரிசையில் நின்ற துணி பாய்க்கு அவர் யார் என்று தெரியாது. "இன்னாப்பா, கடைக்குப் புதுசா? சும்மா நின்னுக்கினு கீற? தூளிய ஆட்டு. இங்க அதான் வழக்கம்" என்றார். அதுவரை என் குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்காத மூத்தார், பையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூளியை ஆட்டினார். நான் நட்டை முடுக்கினேன். ஒரு சைக்கிள் போனது, அடுத்தது வந்தது. யாருமே அவர் தம்பியைத் தேடவில்லை, "எனக்கும் சங்கு அளவு வுடு மா" என்று என்னைத்தான் கேட்டார்கள். மழை விட்டதும் மூத்தார் என் பக்கம் திரும்பாமலே, தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "டேய், என் கொட்டாயில தூளி கட்ட உத்திரமே இல்லடா. நீ இங்கயே இரு. கை சரியாவற வரிக்கும் நீ ஆட்டு, அது மாட்டட்டும்."

இப்போது அவர் கை சரியாகி, குழந்தையும் நடந்து, தூளியையும் அவிழ்த்தாகிவிட்டது. நான் மட்கார்டு மாட்டி முடிக்கும்வரை கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் எங்கள் கஸ்டமர்கள்தான்.