பவளப்பாறைக்கு இருபதடி மேலே

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று மூன்று பேர் விசாரித்தார்கள். அதில் ஒருவர் என் மைத்துனர். பரவாயில்லை, அவரும் வாசகர்தானே...

மனைவி சாந்தியோடு லட்சத்தீவுக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர்த் துறைமுகமான வெலிங்டன் தீவில் மத்தியானம் கப்பல் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கலாம். இடையில் ஓர் இரவு முழுக்கக் கப்பல் ஆடும். வயிறும் கூடவே ஆடும்.

திட்டம் என்னுடையது. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவன், சுற்றிலும் தண்ணீர், ஐம்பத்து நாலு வயதுவரை முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை — இதை வெளியில் சொல்ல முடியுமா? கடலுக்கடியில் போய்ப் பவளப்பாறையைப் பார்த்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன். சாந்தி மாநகராட்சியில் சுகாதார சூப்பர்வைசர். "நீங்க முங்குங்க. நான் படகுல இருந்து பாத்துக்கறேன்" என்றுதான் வந்தாள்.

பயிற்சியாளர் கோயா, தீவுக்காரர். நீச்சல் தெரியாதவர்களையும் பிடித்தபடியே கீழே கூட்டிப்போவார். கரையில் அவர் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தபோது நான் கவனிக்கவில்லை. தைரியமாக இருப்பது எப்படி என்று சாந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

டைவிங் உடையில் நான் அளவுக்கு மீறித் திணித்த சுக்கு மூட்டைபோல் இருந்தேன். முதுகில் சிலிண்டர். வாயில் ரப்பர். ஆறடி இறங்கியதும் கோயா 'எப்படி?' என்று கையால் கேட்டார். 'சூப்பர்' என்று கட்டைவிரலைத் தூக்கினேன். உடனே என்னை மேலே கொண்டுவந்துவிட்டார்.

"கட்டைவிரல் காட்டியால் மேலே போகணும்னாணு அர்த்தம், சேட்டா. கரையில் பறஞ்சதல்லே?"

மறுபடி இறங்கினோம். எட்டடி. காதில் வலி, காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, என் மூச்சு எனக்கே புல்லட் மோட்டார் சைக்கிள்போல் கேட்டது. மறுபடியும் கட்டைவிரலைத் தூக்கினேன். முதல் தடவை தெரியாமல். இரண்டாம் தடவை நன்றாகத் தெரிந்தேதான்.

"மதியோ, சேட்டா?"

"மதி, போதும்."

படகில் ஏறி, லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்தேன். சாந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கோயாவிடம், "நான் வரட்டா?" என்றாள்.

போய்விட்டாள்.

மேலே வரும் குமிழிகளை வைத்து அவள் இருக்குமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம். பதினைந்து. இருபத்தைந்து. திடீரென்று காற்று வீசித் தண்ணீர் முழுக்கச் சிற்றலை. குமிழி எது, அலை எது?

படகுக்காரரிடம் கேட்டேன். "வரும், பேடிக்கண்டா" என்று, பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் சிகரெட் பற்றவைத்தார்.

இருபத்தாறு வருஷம் கூட இருந்தவள். மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று தெரியாது. நான் குதித்துவிட்டேன்.

வீரச்செயல்தான். ஆனால் லைஃப் ஜாக்கெட் போட்டவன் முங்க முடியுமா? ஆகாசத்தைப் பார்த்தபடி மிதந்தேன். "சாந்தி... சாந்தி..." என்று பருந்துக்குக் கேட்கும்படி கத்தினேன்.

படகுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது. ரப்பரை எடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"அங்க என்ன பண்றீங்க?"

"உன்னைக் காப்பாத்த வந்தேன்."

கோயாவும் படகுக்காரரும் சிரித்தார்கள். என்னை ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவள் தானாகவே ஏறிவிட்டாள்.

திரும்பும் கப்பலில், மேல்தளத்தில் சாயா குடிக்கும்போதுதான் கேட்டேன். "அப்படி என்னதான் பாத்தே?"

"மீனெல்லாம் இருந்துது. நீலம், மஞ்சள்..." சாயாவை ஒரு வாய் குடித்தாள். "அது இல்லீங்க. அரை மணிக்கூர் யாரும் என்னைக் கூப்பிடல. ஆபீஸ்ல சாந்தி, வார்டுல சாந்தி மேடம், வீட்டுல நீங்க. கீழ ஒருத்தரும் கூப்பிடல. மேல வரவே தோணல."

நான் மேலே கத்திக்கொண்டிருந்ததும் அதே பெயரைத்தான்.

நமக்கு வேண்டியவர்களைக் காப்பாற்ற நாம் எப்போதும் தயார். சில சமயம் அவர்களுக்கு வேண்டியதெல்லாம், நாம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

திங்கட்கிழமை காலை குளித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் "சாந்..." என்று ஆரம்பித்து, மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

துண்டு கதவுக்குப் பின்னாலேயேதான் தொங்குகிறது. இத்தனை வருஷமும் அங்கேதான் தொங்கியதாம்.