வெயிலிலும் காயாத இலை

அடையாறில் ஒரு சிறு நிறுவனத்தில் எனக்கு வேலை. செங்கல்பட்டுப் பக்கத்து நெல்வயல்களில் நாங்கள் நட்டிருந்த கருவிகள், இரவின் குளிரையும் இலையில் ஈரம் தங்கும் நேரத்தையும் அளந்து அனுப்பும். இரண்டும் சேர்ந்து நீடித்தால் நெல்லுக்குக் குலைநோய் என்ற பூஞ்சை நோய் வரக்கூடும். உடனே விவசாயிகளின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புவேன்.

அந்தக் கார்த்திகையில் ஒரு கருவி மட்டும் உச்சிவெயிலிலும் இலை நனைந்திருப்பதாகச் சொன்னது. பக்கத்து ஊர்களில் காலையிலேயே காய்ந்துவிட்டது. அந்த ஊருக்கு மட்டும் வாராவாரம் எச்சரிக்கை போனது. அங்கே பயிர்மருந்துக் கடை வைத்திருந்தவர் எங்கள் முதலாளியின் கூட்டாளி. எனக்கு உறுத்தியது.

கருவிகளைப் பராமரித்தவர் சைதாப்பேட்டைக்காரர். அவரிடம் கேட்டேன்.

"அது அப்டித்தான் கீது மேடம். வுட்ருங்க," என்றார், முகம் பார்க்காமல்.

அதன்பிறகு நான் பக்கத்தில் போனாலே போனோடு வெளியே போய்விடுவார். கடைக்காரரோடு இவருக்கு ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் போனேன். கருவி வயலில் இல்லை. மோட்டார் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றது. குழாய்த் தண்ணீர் அதன்மேல் தெறித்துக்கொண்டிருந்தது.

"மாடு முட்டிச் சாய்ச்சிடுச்சு. உங்க ஆளுதான் இங்க நட்டாரு. தண்ணி தெறிக்குதேன்னேன். ஆபீஸ்ல சொல்லி மாத்துறேன்னாரு," என்றார் வயலுக்குச் சொந்தக்காரப் பெண். பிறகு என் கைப்பையைப் பார்த்தார். "நீங்களும் மருந்து விக்கவா வந்தீங்க?"

பயிரில் ஒரு நோய்ப்புள்ளிகூட இல்லை. மருந்து வாடை மட்டும் அடித்தது.

திங்கட்கிழமை சைதாப்பேட்டைக்காரரை நிறுத்திக் கேட்டேன்.

"மொதலாளிகிட்ட அப்பவே சொன்னேன் மேடம். அடுத்த போகத்துல பாத்துக்கலாம்னுட்டாரு. நீங்க அவரு ஆளுன்னு நெனச்சேன். அதான் பேசல."

முதலாளியிடம் போய்ச் சொன்னதும் சிரித்தார். "எச்சரிக்கை கூடுதலா போனா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

நான் என் மேசைக்குத் திரும்பினேன். முந்தைய எச்சரிக்கைகள் தவறு, மருந்து அடிக்க வேண்டாம் என்று அந்த ஊருக்குச் செய்தி அனுப்பினேன். சைதாப்பேட்டைக்காரர் அன்றே போய்க் கருவியை வயலுக்குள் நட்டார். அதன்பிறகு முதலாளி எங்கள் இருவரோடும் சரியாகப் பேசவில்லை. வேலையைவிட்டு மட்டும் அனுப்பவில்லை.

மார்கழியில் நிஜமாகவே பனி கொட்டியது. எல்லாக் கருவிகளும் ஒன்றையே சொல்லின. எச்சரிக்கை அனுப்பியதும் அந்தப் பெண் போனில் வந்தார்.

"இது நெசமா, இல்ல பழைய மாதிரிதானா?"

"இலையப் பாருங்கம்மா. கண்ணு மாதிரி புள்ளி இருந்தா மட்டும் மருந்து அடிங்க."

மறுநாள் அவரே கூப்பிட்டார். வரப்போரம் புள்ளி இருந்ததாம். மருந்து அடித்துவிட்டாராம், வெளியூர்க் கடையில் வாங்கி.