ஹெர்பர்ட் ஏலம் கேட்ட நாள்

குன்னூரில் ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபைக்குப் பத்தொன்பது வருடமாக ஹெர்பர்ட்தான் செயலர். தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்காசை லேசில் விடுகிற ஆளில்லை. காணிக்கையாக வரும் காய்கறிகளை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் இதுவரை ஒரு கேரட்டுக்குக்கூட அவர் விலை கேட்டதில்லை.

இந்த வருடம் பண்டிகைக்கு முந்தின வாரம் கமிட்டி அவர் தலையில் ஒரு வேலையைக் கட்டியது. ஆலயத்துக்குச் சொந்தமான கடையில் தையல் மெஷின் போட்டிருக்கும் ஐவி ஐந்து மாத வாடகை பாக்கி வைத்திருந்தாள், மொத்தம் ஏழாயிரத்து ஐந்நூறு. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் எழுதித் தர வேண்டும். புருஷனின் ஆபரேஷனுக்குச் செலவழித்தவள், கடையும் போனால் பிழைப்புக்கு என்ன செய்வாள்? இந்தப் பாவத்துக்கு நான்தானா கிடைத்தேன் என்று நொந்துகொண்டே எழுதிக் கவரை ஒட்டினார்.

பண்டிகையன்று கவரும் கையுமாக ஐவியைத் தேடினார். வழியில் யாரோ பெரிய பூசணிக்காயை நீட்ட, கவரை ஏல மேஜைமேல் வைத்துவிட்டு அதை வாங்கியவர், கவரை மறந்தே போனார்.

உள்ளே என்ன என்று சொல்லாமல் ஒரு கவரை ஏலம் விடுவது அந்தச் சபையில் வருடா வருடம் நடக்கிற வேடிக்கை. ஏலம் போட்ட கொர்னேலியஸ் மேஜைமேல் கிடந்த நோட்டீஸ் கவரை, இதுதான் அந்தக் கவர் என்று நினைத்துத் தூக்கிக் காட்டினார். ஹெர்பர்ட் பதறி எழுவதற்குள் விலை நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஏலப் பணமும் ஆலயத்துக்கு, வாடகைப் பாக்கியும் ஆலயத்துக்கு. ஏழாயிரத்து ஐந்நூறைத் தொட்டால் ஐவியின் கணக்கை நேர் செய்துவிடலாமே என்று, எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆறாயிரத்து ஐந்நூறில் ஏலம் நின்றது. கேட்டவர் எல்சா டீச்சர், எதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். கொர்னேலியஸ் இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது.

"ஏழாயிரம்" என்றார் ஹெர்பர்ட்.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. டீச்சர் விட்டுவிட்டால் தன் இரண்டு மாதப் பென்ஷன் போய்விடுமே என்று அவர் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெர்பர்ட்டே கேட்கிறார் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று டீச்சர் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துவிட்டார். அப்பாடா!

டீச்சர் பிரித்துப் படித்தார். ஹெர்பர்ட் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கமிட்டிக்காரர்கள் ஓடிவந்து, பணத்தைத் திருப்பித் தருகிறோம், நோட்டீஸைக் கொடுங்கள் என்றார்கள்.

"ஏனுங்க, ஏலத்துல எடுத்தது எடுத்தவங்களுக்குத்தானுங்களே சொந்தம்?" என்று டீச்சர் கேட்டார்.

ஆமாம் என்றார்கள்.

"அப்ப இது என்னோடதுங்க. இதைய ஐவிக்குக் குடுக்க எனக்கு இஷ்டமில்லீங்க. பணத்தை அவ வாடகையில வரவு வெச்சுக்கோங்க."

நோட்டீஸை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.